மனசில்லை என்று எழுத இடமில்லை

ரத்த குரூப் சேராமல் இருந்த காலத்தில் மனிதர்கள் நல்லவர்களாக இருந்தார்கள். யாருடையது வேண்டுமானாலும் யாருக்கும் சேரும் என்று ஆனபிறகுதான் இவர்களுடைய யோக்கியதை வெளியே வருகிறது. அப்போதெல்லாம் ஒருவனுக்குக் கிட்னி போய்விட்டது என்றால் ஆஸ்பத்திரி வராண்டா நிறையச் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரோடு மல்லுக்கு நிற்பார்கள். ரத்தம் பார்த்துச் சேரவில்லை என்று சீட்டு வந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுவார்கள். அழுது முடித்து, வெளியே போய் ஒரு டீ குடித்து, பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இப்போது போன் போட்டால் எவனும் எடுப்பதில்லை. எடுக்கிறவன் பெங்களூரில் இருக்கிறேன் என்கிறான். அவனுக்குப் பின்னால் கண்டக்டர் அவிநாசி, அவிநாசி என்று கூவுவது எனக்குக் கேட்கிறது.

நான் நாலாவது வரைக்கும் படித்தவன். பெயர் ஆறுக்குட்டி. முப்பத்தெட்டு வருஷம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் வேலை செய்தேன். டாக்டர்கள் சொல்வதை அப்படியே நம்புகிற ஆள் இல்லை. பட்டறையில் கெமிக்கல் விற்க வருகிறவர்களும் இப்படித்தான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பயமே வேண்டாம் என்பார்கள்.

குரூப்பைக் கழுவுகிற பெட்டி எங்கள் ஊருக்குப் போன வருஷம் வந்தது. மீன்தொட்டி மாதிரி இருக்கும். கொடுப்பவரிடமிருந்து எடுத்த கிட்னியை அதற்குள் வைத்து, ஒரு மருந்துத் தண்ணீரை மூன்று மணி நேரம் அதனுள் ஓடவிடுவார்கள். ஏ, பி என்று அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் அடையாளமெல்லாம் கரைந்து போகும். அதற்குப் பிறகு எந்த குரூப் ஆளுக்கும் வைக்கலாம். பெட்டி வந்த அன்று ஊரே பட்டாசு வெடித்தது. நான் வெடிக்கவில்லை. என் மருமகன் லோகநாதன் அப்போது இரண்டு வருஷமாக டயாலிசிஸில் கிடந்தான்.

வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். அவனுக்கு ஓ குரூப். ஓ ஆட்களுக்கு ஓ மட்டும்தான் சேரும், வேறொன்றும் ஆகாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். அவனுக்கு ஒரு அண்ணன், சண்முகவேலு. ஒரு தம்பி, கோகுல். இருவருக்கும் ஏ. முதலில் வியாதி தெரிந்தபோது யார் கொடுப்பது என்று இருவரும் அடித்துக்கொள்ளாத குறை. சேராது என்று தெரிந்ததும் சண்முகவேலு சுவரில் தலையை முட்டிக்கொண்டான். மெதுவாகத்தான் முட்டினான்.

பெட்டி வந்த வாரமே இருவருக்கும் சர்க்கரை வந்துவிட்டது. சர்ட்டிபிகேட்டும் வந்துவிட்டது.

மீதி இருந்தது என் மகள் சுகந்தி. அவளுக்கு பி. இத்தனை நாள் அவளை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இப்போது எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் சிறுநீரக வார்டு டாக்டர் ஒரு பெண், பெயர் நஸ்ரின். நல்ல பிள்ளை, கேட்டதற்கு நின்று பதில் சொல்லும். ஒருநாள் அந்தப் பிள்ளையைப் பிடித்து எனக்குத் தெரிந்த விஷயத்தில் ஒரு கேள்வி கேட்டேன்.

"அம்மிணி, ஷேடு தப்பாப் போன துணியை நாங்க ஹைட்ரோஸ்னு ஒரு மருந்து போட்டுச் சாயத்தை உரிப்போமுங்க. வெளுத்துப் போயிரும். ஆனா சில சாயம் இருக்குது, காத்துல கெடந்தா பழைய கலரு அடியில இருந்து மெல்ல எட்டிப் பாக்கும். உங்க பொட்டியில அப்படி வராதுங்களா?"

டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தது. இத்தனை நாளில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை என்றது.

"வரும் ஐயா. ஒரு வாரத்துக்குள்ள குரூப்பு திரும்ப வந்துரும். அது உயிருள்ள சாமான். தானா உண்டாக்கிக்கும்."

"அப்பறம் என்ன இழவுக்குக் கழுவறீங்க?"

"மொத வாரம்தான் ஐயா கண்டம். அதுக்குள்ள உடம்பு இதை வேத்தாள்னு வெரட்டாம விட்டுட்டா, அப்பறம் பழைய அடையாளம் வந்தாலும் கண்டுக்காது. பழகிக்கும்."

எல்லா உடம்பும் பழகுமா என்றேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு என்றது. மீதி ஆறு என்ன ஆகும் என்று கேட்டதற்குப் பைலைப் புரட்டியது. முதல் வாரம் தாண்டினால் பழகிவிடும் என்பதை நான் நம்பவில்லை. என் மகள் அந்த வீட்டுக்குப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. இன்னும் பழகவில்லை.

லோகநாதன் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. பேசுகிறவனும் இல்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தான். வீட்டுக்கு வந்தால் சோற்றைத் தின்றுவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பான். குழம்பில் உப்பு இல்லை என்றால் அதைக்கூட என் பேத்தியிடம்தான் சொல்வான், அது போய்த் தன் அம்மாவிடம் சொல்லும். இதற்கெல்லாம் யாரும் பஞ்சாயத்து கூட்ட மாட்டார்கள். எனக்கும் இதெல்லாம் ஒரு விஷயமாக அன்றைக்குப் படவில்லை.

பெட்டியோடு சேர்ந்து சட்டமும் வந்தது. கொடுக்கத் தகுதியுள்ள சொந்தம் இருந்தும் காரணமில்லாமல் மறுத்தால், நோயாளி டயாலிசிஸ் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவான். படுக்கை பற்றவில்லை, அதனால் இந்த ஏற்பாடு என்றார்கள். பட்டியலில் யார் யார் பேர் இருக்கிறதோ அவர்களையெல்லாம் ஒரு ஹாலில் உட்கார வைத்து, பேர் பேராகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதற்குச் சம்மதக் கூட்டம் என்று பேர். மறுக்கிறவர் ஒரு பாரத்தில் காரணத்துக்கு நேராகக் கட்டத்தில் டிக் போட வேண்டும். நாலு கட்டம் இருந்தது. நோய், கர்ப்பம், எழுபது வயசுக்கு மேல், ஏற்கெனவே ஒன்றைக் கொடுத்தவர். பழைய பாரத்தில் ஐந்தாவதாகக் குரூப் சேரவில்லை என்று ஒன்று இருந்ததாம். இப்போது தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள்.

பட்டியலில் முதல் இரண்டு பேர் அண்ணன் தம்பி. மூன்றாவது சுகந்தி. அப்புறம் பெண் கொடுத்த வீட்டார். என் மனைவி ருக்குமணிக்குச் சர்க்கரை, நிஜமான சர்க்கரை, ஒரு விரலையே எடுத்தாயிற்று. அதனால் அவள் பேரை அடித்துவிட்டு என் பேரைக் கடைசியில் சும்மா எழுதிவைத்து, எல்லோரிடமும் எடுத்தது போல என்னிடமும் ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அறுபத்தாறு. அது வரைக்கும் எங்கே வரப்போகிறது என்று நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சுகந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கம்பெனியில் செக்கிங் டேபிளில் கூட நிற்கிற பெண்கள் எல்லாம் அவளுக்கு இப்போதே வாழ்த்துச் சொல்கிறார்களாம். சண்முகவேலுவின் பெண்டாட்டி தாலியைத் தொட்டுக் காட்டி, உன் கையில்தான் இருக்கிறது என்றாளாம். டிவியில் ஒரு விளம்பரம் போடுகிறார்கள், படுக்கையில் படுத்த பெண் ஒருத்தி புருஷனைப் பார்த்துச் சிரிப்பாள். அது வரும்போதெல்லாம் லோகநாதன் சேனலை மாற்றுவானாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

"எனக்கு மனசில்லீங்ப்பா."

பயமா என்றேன். இல்லை என்றாள். அவன் ஏதாவது செய்தானா, அடித்தானா என்றேன். இல்லை என்றாள். வேறு என்னதான் காரணம், சொன்னால்தானே நான் நாலு பேரிடம் பேச முடியும் என்று சத்தம் போட்டேன்.

"காரணம் இருந்தாத்தான் மனசில்லைனு சொல்லோணுமாங்ப்பா? அந்த மனுசன் சாகோணும்னு நான் நெனைக்கல. நாளைக்கும் சோறாக்கிப் போடுவேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். இது மட்டும் முடியாது. அறுத்து எடுத்துக் குடுக்கறதுக்கு எனக்குள்ள ஒண்ணும் வரமாட்டேங்குது."

பதினாறு வருஷத்தில் இவள் முடியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை சொல்கிறாள், அதற்கு ஒரு பாரத்தில் கட்டம் இல்லை. சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் போ என்றேன்.

மறுநாள் டாக்டர் நஸ்ரினைப் போய்ப் பார்த்தேன். அந்த அறைக்கு வெளியே சுவரில் இதுவரை கொடுத்தவர்களின் போட்டோவை வரிசையாக மாட்டியிருந்தார்கள். உட்கார்ந்திருந்த நேரத்துக்கு அதைப் பார்த்தேன். பொட்டு, பொட்டு, பொட்டு, முக்காடு, பொட்டு, சிலுவைச் சங்கிலி, பொட்டு. நாற்பது போட்டோவில் மீசை இரண்டு.

நான் சுற்றி வளைக்கவில்லை. என் மகளுக்கு ஒரு கிட்னி சின்னது என்று எழுதிக்கொடுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. எழுத முடியாது ஐயா, ஸ்கேன் படமெல்லாம் எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கிறது என்றது. அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து ஒன்று சொன்னது.

"முன்னெல்லாம் எங்க பெரிய டாக்டருங்க ஒரு வழி வெச்சிருந்தாங்க ஐயா. குடுக்கறேன்னு வர்றவங்களைத் தனியா உக்கார வெச்சு, நெஜமா மனசிருக்கான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொன்னா, வெளிய வந்து சொந்தக்காரங்ககிட்ட, குரூப்பு சேரலைனு சொல்லிருவாங்க. அவ்வளவுதான். எந்த வீட்டுலயும் சண்டை வராது. அந்த ஆளும் தலை நிமிந்து வீட்டுக்குப் போவாங்க."

"அதை இப்ப சொல்றதுக்கென்ன?"

"இப்பத்தான் எல்லாமே சேருதே ஐயா. நாங்க ஒரு வியாதிக்கு மருந்து கண்டுபுடிச்சோம். அதோட ஒரு கதவையும் சாத்திட்டோம்னு யாரும் யோசிக்கல."

அப்படியானால் அந்தக் காலத்தில் வராண்டாவில் அழுத அத்தனை பேரும் நடிகர்களா என்று கேட்டேன். பாதிக்கு மேல் நிஜமாகவே சேராது, மீதிப் பேரைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்றது டாக்டர்.

நான் அந்த மீதி இல்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். எனக்கு ரங்கசாமி என்று ஒரு தம்பி இருந்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு இதே வியாதி. நான்தான் முதலில் போய் நின்றேன். மூன்று நாள் டெஸ்ட் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வெளியே வந்து என் தோளைத் தட்டி, சேரவில்லை என்று சொல்லி, அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். ரங்கசாமி ஒன்றரை வருஷம் இருந்து போய்ச்சேர்ந்தான். நான் கொடுக்க நின்றேன், ரத்தம் விடவில்லை. அதை ஊரறியும் என்றேன்.

டாக்டர் கம்ப்யூட்டரில் என்னவோ தட்டிப் பார்த்தது. அப்புறம் திரையைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டது.

"உங்களுக்கு என்ன குரூப்புன்னு சொன்னாங்க ஐயா?"

"பி. மகளுக்கும் பி-தானே. என்ற ரத்தம்."

"அவங்களுக்கு அது அம்மாகிட்ட இருந்து வந்தது." என்றது டாக்டர். "உங்களது ஓ, ஐயா. ஓ எல்லாருக்குமே சேரும். கழுவவே வேண்டியதில்லை."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அதற்கு உறைத்தது போலிருக்கிறது. பழைய காலத்து டெஸ்டில் எத்தனையோ பார்ப்பார்கள், குரூப் சேர்ந்தாலும் வேறு ஏதாவது சேராமல் போயிருக்கும் என்று வேகவேகமாகச் சொன்னது. நான் எழுந்துவிட்டேன். குழாய் மாறியிருக்கும் என்றேன். பட்டறையில் துணியோடு கட்டி அனுப்புகிற லாட் கார்டு மாறி, நேவி ப்ளூவுக்கு அனுப்ப வேண்டிய துணி மெரூனில் முங்கி வந்ததை எத்தனையோ தடவை பார்த்தவன் நான். மனிதன் ஒட்டுகிற சீட்டுத்தானே எல்லாம்.

வீட்டுக்கு வந்து ருக்குமணியிடம் இந்தக் கூத்தைச் சொன்னேன், அவளும் சேர்ந்து சிரிப்பாள் என்று. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நாந்தான் போயி அந்தப் பெரிய டாக்டரைப் பாத்தேனுங்க."

எதற்கு என்றேன்.

"ரங்கசாமிக்காக டெஸ்ட்டுக்குத் தேதி சொன்னதுல இருந்து நீங்க சரியாச் சோறு திங்கல. நடக்கும்போது, உக்காரும்போது, எந்நேரமும் இடுப்புல ஒரு கை வெச்சுப் புடிச்சுட்டே இருந்தீங்க. அவரு எங்கிட்டக் கேட்டாரு, உங்க ஊட்டுக்காரருக்கு மனசிருக்குதாம்மான்னு. நான் ஒண்ணும் சொல்லலைங்க. அவரே புரிஞ்சுக்கிட்டாரு."

எனக்கு மனசில்லை என்று உன்னிடம் நான் சொன்னேனா என்று கத்தினேன்.

"நீங்க சொல்லல. உங்களுக்கே தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சுது."

என் மனசு எனக்குத் தெரியாதாம், கீரை உருவுகிறவளுக்குத் தெரியுமாம். அந்த டெஸ்ட் சமயத்தில் எனக்கு இடுப்பில் சுளுக்கு இருந்தது. துணி மூட்டை தூக்குகிறவனுக்குச் சுளுக்கு வராதா? அதற்கப்புறம் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கூட்டத்து நாள் வரைக்கும் வேறு எந்தப் பேச்சும் எடுக்கவில்லை.

கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். ஆஸ்பத்திரி மாடியில் ஹால், வட்டமாக நாற்காலி. லோகநாதனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். கை கால் எல்லாம் வீங்கி, முகம் மஞ்சளாக, ஐம்பது வயசுக்காரன் மாதிரி இருந்தான். அவனுக்கு நாற்பத்து மூன்றுதான். சுகந்தி அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து, நழுவிய போர்வையை எடுத்து அவன் முழங்காலில் போட்டாள். மூலையில் ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு நர்ஸ். டாக்டர் நஸ்ரினும் இருந்தது, என் கண்ணைப் பார்க்கவில்லை. நடத்துகிற அதிகாரிக்கு முப்பது வயசு இருக்கும். மரியாதையான பேச்சு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "தயவுசெய்து" போட்டான்.

சண்முகவேலு பேரைக் கூப்பிட்டார்கள். சர்ட்டிபிகேட்டைக் கொடுத்து, முதல் கட்டத்தில் டிக் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கோகுலும் அப்படியே. அப்புறம் சுகந்தி.

அவள் எழுந்து நின்றாள். முந்தானையைப் பிடிக்கவில்லை, தலையைக் குனியவில்லை.

"எனக்கு மனசில்லீங்க."

அதிகாரி பாரத்தைப் பார்த்துவிட்டு, தயவுசெய்து எந்தக் காரணம் என்று சொல்லுங்கள் என்றான். அவள் அதையே திரும்பச் சொன்னாள். அப்படி ஒரு கட்டம் இல்லையே என்று அவன் பாரத்தைத் திருப்பி அவளுக்கே காட்டினான். நிஜமாகவே அவளுக்கு உதவி செய்கிற மாதிரிதான் காட்டினான். காரணமில்லாத மறுப்பு என்றால் நோயாளி வரிசையில் கடைசிக்குப் போய்விடுவார், இன்னொரு தடவை யோசியுங்கள் என்றான்.

சண்முகவேலு பெருமூச்சு விட்டான். "கட்டுன பொண்டாட்டிக்கே மனசில்லைனா ஊருல வேற யாருக்குங்க மனசிருக்கும்?"

"சர்க்கரை இருக்கறவங்களுக்கு நெறைய இருக்குது போல" என்றேன். "வெளிய கேன்டீன்ல அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ரெண்டு ஜாங்கிரி தின்னதை நான் பாத்துட்டுத்தான் மாடி ஏறுனேன். அந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு கட்டம் இருக்குது. என்ற புள்ள உள்ளதைச் சொல்றா, அதுக்கு எடமில்லை."

கோகுல் எழுந்தான், பிறகு உட்கார்ந்தான். நான் போய் அதிகாரியின் முன்னாலிருந்த பாரத்தை எடுத்தேன். தயவுசெய்து தொடாதீர்கள் என்றான். தொட்டேன். அவன் பேனாவையே வாங்கி, நாலாவது கட்டத்துக்குக் கீழே ஒரு கட்டம் போட்டேன். கோடு நேராக வரவில்லை. பக்கத்தில் மனசில்லை என்று எழுதினேன். நாலாவது படித்தவன்தான், ஆனால் அந்த ஐந்து எழுத்தும் எனக்குத் தெரியும். சுகந்தியிடம் கொடுத்து, போடு சாமி கையெழுத்து என்றேன்.

"இது செல்லாதுங்க ஐயா" என்றான் அதிகாரி.

"நீங்க அச்சடிச்சா செல்லும், நான் கையில போட்டா செல்லாதா? ஆடு மாடு வெச்சிருக்கறவன்கூட அது மொரண்டு புடிச்சா விட்டுட்டு நாளைக்குக் கறப்பான். இது மனுசப்பொறப்பு. அவளா வந்து குடுத்தா அது கொடை. கூட்டம் போட்டு வாங்குனா அதுக்குப் பேரு வேற."

அதிகாரி சட்டப்புத்தகத்தை எடுக்கப் போனான். அப்போதுதான் லோகநாதன் வாயைத் திறந்தான். அவன் குரலை நான் கேட்டே வெகுநாள் ஆயிற்று. அவன் அதிகாரியைப் பார்க்கவில்லை, சுகந்தியைத்தான் பார்த்தான்.

"எனக்கு உன்றது வேண்டாம் சுகந்தி. பொட்டியில போட்டாக் குரூப்புத்தான் போகும். மனசில்லாதது அப்படியே வந்து எனக்குள்ள உக்காரும். நான் தப்பா நெனைக்கல. நேராச் சொன்னீல்ல, அது போதும்."

பதினாறு வருஷத்தில் அவன் அவளிடம் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சுகந்தி அழுதாள், ஆனால் உட்காரவில்லை.

வாங்குகிறவரே ஒருவரை வேண்டாம் என்றால் அந்தப் பேரை விட்டுவிடலாம், நோயாளியின் இடமும் போகாது, விதியில் அப்படி ஒரு வரி இருக்கிறது என்று டாக்டர் நஸ்ரின் எழுந்து சொன்னது. அதிகாரி தேடிப் பார்த்தான். இருந்தது. சுகந்தியின் பேரைக் கோடு போட்டு அடித்தான். நான் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தேன். சண்முகவேலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ருக்குமணி மகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். இனிமேல் செத்தவர் யாருடையதாவது கிடைக்கும்வரை லோகநாதன் அந்தப் படுக்கையில் இருப்பான், பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பப் போனேன்.

"அடுத்த பேர் உங்களதுங்க ஐயா" என்றான் அதிகாரி.

நான் திரும்பினேன்.

"ஆறுக்குட்டி, வயசு அறுபத்தாறு. டெஸ்ட் எல்லாம் நல்லா வந்திருக்குங்க. ஓ குரூப்பு. பெட்டியே தேவையில்லை, நேரா வைக்கலாம். தயவுசெஞ்சு உங்க முடிவைச் சொல்லுங்க."

புதுப் பாரம் எடுக்கவில்லை அவன். நான் கோடு போட்ட அதே பாரத்தை மேசைமேல் என் பக்கம் திருப்பி வைத்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ருக்குமணி மட்டும் பார்க்கவில்லை. அவள் என் இடுப்பைப் பார்த்தாள். என் கை அங்கே இருந்தது. காலையிலிருந்து அந்த இடத்தில் ஒரு பிடிப்பு.

லோகநாதன்தான் பேசினான். அன்றைக்கு அவனுக்கு வாய் திறந்துகொண்டது.

"மாமா, நீங்க போட்ட கட்டந்தானுங்க அது. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவன் சொன்ன விதத்தில் கேலி ஒரு துளி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாரைப் பார்த்து மனசில்லை என்று கையெழுத்துப் போடச் சொல்கிறான்? தம்பிக்குக் கொடுக்க நான் முதல் ஆளாய் நின்றவன். பேனா என் கையில்தான் இருந்தது. அதை மூடி மேசைமேல் வைத்தேன்.

"எனக்கு மனசிருக்குது மாப்ள" என்றேன். "குரூப்புத்தான் சேராது."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சுகந்தி, அப்பா என்றாள். டாக்டர் நஸ்ரின் என் பக்கம் வந்து, சரிங்க ஐயா, அப்படியே இருக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னது. அந்தப் பிள்ளைக்கு இரக்கம் அதிகம், எனக்கு அது வேண்டியதில்லை. விவரம் புரியாத நர்ஸ்தான் மூலை மேசையிலிருந்து கூப்பிட்டாள். சந்தேகம் இருந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டுப் போதும், இரண்டு நிமிஷத்தில் இங்கேயே பார்த்துவிடலாம் என்றாள்.

இரண்டு நிமிஷத்தில் சொல்கிற மெஷினை நான் எதற்கு நம்ப வேண்டும்? பெரிய டாக்டர் மூன்று நாள் எடுத்துக்கொண்டு, தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். அவர் செத்துப்போய்விட்டார், வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். லிப்ட் நின்றிருந்தது, ஏறவில்லை. படியில் இறங்கினேன். மேலே அந்த அதிகாரி, விதிப்படி மூன்று தடவை கூப்பிட வேண்டுமாம், ஆறுக்குட்டி, ஆறுக்குட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பாட்டுக்கு நடந்தேன்.